அதிகம் பேசாதவர்களின் மலை

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் கொடைக்கானல் வண்டிக்குக் காத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "மலைக்காரங்க குணமே வேற" என்ற வாக்கியம் எப்படியும் வந்து விழும். என்ன குணம் என்று அடுத்த கேள்வி கேட்டால்தான் வம்பு. ஒருவர் வெள்ளந்தி என்பார். இன்னொருவர் அழுத்தக்காரர்கள், லேசில் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பார். வடுகபட்டிச் சந்தையில் மலைப்பூண்டு வாங்கி விற்கிறவர் இரண்டையும் கேட்டுச் சிரிப்பார்: "வெள்ளந்தியா? வெலை பேசிப் பாருங்க, தெரியும்."

இந்தப் பேச்சு வெறும் பேருந்து நிலையப் பேச்சாக நின்றுவிடவில்லை. 2020இல் ஃபிரெட்ரிக் கெட்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதையே ஆராய்ந்து 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் எழுதினார்கள். அமெரிக்காவில் இணையவழியே குண வினாத்தாளை நிரப்பிய 33 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விடைகளை, அவர்கள் வாழும் நிலத்தின் மேடுபள்ளத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். மலைப்பகுதியில் வாழ்கிறவர்களிடம் புதியதை நாடும் குணம் சராசரியாகச் சற்றுக் கூடுதல். கலகலப்பு, இணக்கம், பொறுப்புணர்வு, மனக்கலக்கம் ஆகிய நான்கும் சற்றுக் குறைவு. முதன்முதலில் அமெரிக்காவின் மேற்கு மலைகளில் போய்க் குடியேறியவர்கள் யாரையும் சாராத தனிக்காட்டு ராஜாக்கள், அந்தச் சாயல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவர்கள் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று. எல்லா இடத்திலும் 'சற்று' என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். வேறுபாடு மிக மிகச் சிறியது. லட்சக்கணக்கில் ஆட்களைக் கூட்டினால்தான் கண்ணில் படும். எதிரில் நிற்கும் ஒருவரைப் பற்றி அது எதையும் சொல்லாது.

அமெரிக்க மலைகளுக்கு அது சரி. கொடைக்கானல் இருக்கும் பழனி மலைக்கு? இங்கே பளியர்கள் என்ற பழங்குடியினர் எத்தனை தலைமுறையாக வாழ்கிறார்கள் என்பதற்குக் கணக்கில்லை. குன்னுவர்கள், தங்கள் முன்னோர் சில நூற்றாண்டுகளுக்கு முன் கோயம்புத்தூர்ச் சமவெளியிலிருந்து ஏறி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள். 1845இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி மேலே வந்து வீடு கட்டினார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களிலும் ஒரு பகுதியினர் இங்கே வந்து சேர்ந்தார்கள். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரமும் அந்தக் குளிரும் மூடுபனியும்தான் குணத்தை வார்க்கின்றன என்றால் இவர்கள் எல்லாரும் ஒரே அச்சில் வந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. அதிலும் இவர்களில் ஒரு கூட்டத்தார், குணத்தை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோலையே கேள்விக்குள்ளாக்குகிறார்கள். அங்கே போகுமுன் அந்த அளவுகோல் எப்படி உண்டானது என்று பார்த்துவிட வேண்டும்.

ஒருவர் இன்று காலை கோபப்பட்டார் என்றால் அது ஒரு நிலை. பல இடங்களில், பல ஆட்களிடம், பல ஆண்டுகளாக மற்றவர்களைவிட எளிதில் கோபப்படுகிறார் என்றால் அது பண்பு. ஆளுமை உளவியலின் முதல் பாடம் இந்தப் பிரிவினைதான். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் வரும் நகை, அழுகை, இளிவரல் முதலான எட்டும் நிலைகளைச் சேர்ந்தவை: வரும், உடலில் தெரியும், போய்விடும். ஆளுமை உளவியலாளர்கள் தேடியது போகாமல் தங்கும் ஒன்றை.

அதை எங்கே தேடுவது? ஃபிரான்சிஸ் கால்டன் 1884இலேயே ஒரு வழி காட்டியிருந்தார். மனிதர்களுக்கிடையே முக்கியமான வேறுபாடு எதுவானாலும், அதற்கு மக்கள் ஏற்கெனவே ஒரு சொல் வைத்திருப்பார்கள். ஆகவே அகராதியைப் புரட்டு. 1936இல் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பர்ட்டும் வெப்ஸ்டர் அகராதியை எடுத்துவைத்துக்கொண்டு உண்மையிலேயே புரட்டினார்கள். மனிதரை வர்ணிக்கும் சொற்களாக 17,953 கிடைத்தன. நிலைத்த பண்பைக் குறிப்பவை என்று அவற்றிலிருந்து ஏறத்தாழ 4,500ஐப் பிரித்தெடுத்தார்கள். கிறுக்குத்தனமான உழைப்பு என்று தோன்றலாம். ஆனால் இன்று வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் நீட்டும் வினாத்தாள் வரை பலவற்றுக்கும் மூலம் அந்தப் பட்டியல்தான்.

அடுத்து வந்தவர்கள் அதைச் சுருக்கினார்கள். சுருக்க உதவிய கணித முறைக்குக் காரணிப் பகுப்பாய்வு என்று பெயர். பெயர்தான் மிரட்டும், கருத்து எளிது. ஆயிரம் பேரிடம் நூறு சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் உங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்று கேளுங்கள். 'வாயாடி' என்பதற்கு அதிக மதிப்பெண் போட்டவர்கள் 'கூட்டத்தில் இருக்கப் பிடிக்கும்', 'முன்பின் தெரியாதவரிடமும் பேசுவேன்' ஆகியவற்றுக்கும் அதிகம் போடுகிறார்கள் என்றால், மூன்றுக்கும் அடியில் பொதுவான ஒன்று இருக்கிறது என்று கொள்ளலாம். அந்த ஒன்றுதான் காரணி. ரேமண்ட் கேட்டல் இப்படிப் பதினாறில் வந்து நின்றார். ஹன்ஸ் ஐசெங்க் இரண்டே போதும் என்று தொடங்கிப் பிறகு மூன்றாக்கினார். அவற்றின் வேர் மூளை நரம்புகளின் கிளர்ச்சி அளவில் இருக்கிறது என்றும் வாதிட்டார். 1961இல் அமெரிக்க விமானப்படைக்காக டூப்ஸ், கிறிஸ்டல் என்ற இருவர் செய்த ஆய்வில் ஐந்து வந்தது. பலரும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தபோதும் ஐந்தே வந்ததால் லூயிஸ் கோல்ட்பெர்க் அதற்குப் 'பெரிய ஐந்து' என்று பெயர் வைத்தார். பால் கோஸ்டாவும் ராபர்ட் மெக்ரேயும் அதற்கென உருவாக்கிய வினாத்தாளை உலகெங்கும் மொழிபெயர்த்தார்கள்.

ஐந்தையும் கொடைக்கானல் ஏரிக்கரையில் நின்று பார்க்கலாம். சைக்கிள் வாடகைக்கு விடுபவரிடம் ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று அரை நிமிடத்தில் விசாரித்துவிடும் பயணியிடம் புறமுகத் தன்மை, அதாவது கலகலப்பு, கூடுதல். மூன்றாம் ஆண்டாக வந்தும், போன தடவை பார்க்காத தடத்தில்தான் நடப்பேன் என்பவரிடம் புதியதை நாடும் குணம். ஐந்து மணி வண்டிக்கு நாலரைக்கே பெட்டியோடு வந்து நிற்பவரிடம் பொறுப்புணர்வு. தன் ஜன்னலோர இருக்கையை அடுத்தவர் குழந்தைக்குக் கொடுத்துவிடுகிறவர் இணக்கமானவர். கொண்டை ஊசி வளைவுகள் முடிந்த பிறகும் பிரேக் பிடிக்குமா பிடிக்காதா என்று நினைத்துக்கொண்டே வருபவரிடம் மனக்கலக்கப் போக்கு. எல்லாரிடமும் ஐந்தும் உண்டு. உயரத்தில் ஆளுக்கு ஆள் வேறுபடுவதைப்போல இவற்றின் அளவில் வேறுபடுகிறோம். உலகத்தையே உள்முகத்தார், புறமுகத்தார் என்று இரண்டு வரிசையில் நிறுத்தும் பேச்சுக்கு ஆதாரம் இல்லை. பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறார்கள்.

இந்த வேறுபாட்டில் மரபணுவுக்குப் பங்கு உண்டா? இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகள் 40 முதல் 50 விழுக்காடு என்று சொல்கின்றன. இதைப் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். உங்கள் கூச்சத்தில் பாதி தாத்தா கொடுத்தது என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு மக்கள்கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி, மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து போகிறது, அவ்வளவுதான். இரண்டு கூட்டங்களுக்கு இடையில் உள்ள வேறுபாட்டைப் பற்றி அந்த எண் வாய் திறப்பதில்லை.

இனிப் பளியர்கள். கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபையினர் 1895இல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரி இருக்கிறது. அந்தச் சபையைச் சேர்ந்த டாமன் என்ற பாதிரியார் 1908இல் 'ஆந்த்ரோபோஸ்' இதழில் பழனி மலைப் பளியர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கிழங்கு அகழ்வது, தேன் எடுப்பது, காட்டை விட்டு விலகாமல் இடம் மாறி மாறி வாழ்வது என்று அவர்கள் வாழ்க்கையைச் சொல்லும் முன்னோடிக் குறிப்புகளில் ஒன்று அது. ஆனால் ஆய்வாளர்களை நிமிர்ந்து உட்காரவைத்தவர் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர். 1960களின் தொடக்கத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவுகளில் பளியர்களோடு நெடுங்காலம் தங்கியவர். 1966இல் அவர் எழுதிய கட்டுரை வேட்டை–சேகரிப்புச் சமூகங்களைப் படிப்பவர்கள் பலரும் இன்றும் தொட்டுச் செல்லும் ஒன்று.

அவர் கண்டதன் சுருக்கம் இது. பளியர்களிடம் ஒருவர் மற்றவருக்குக் கட்டளை இடுவதில்லை. தலைவர் என்று யாரும் இல்லை. கணவனுக்கு மனைவி மேலோ, பெற்றோருக்கு வளர்ந்த பிள்ளைகள் மேலோ அதிகாரம் செல்லாது. போட்டி போடுவதும் ஒருவரைவிட ஒருவர் மிஞ்சி நிற்பதும் மரியாதைக் கேடு. தரக்குறைவு என்ற சொல்லால் அதைச் சுட்டுகிறார்கள். சண்டை மூண்டால் கை ஓங்குவதைவிட இடத்தைவிட்டு அகன்றுவிடுவதே வழக்கம். அகன்றவரை யாரும் கோழை என்பதில்லை. அறிவும் அப்படித்தான். இந்தச் செடி எதற்கு ஆகும், இந்த விலங்கு எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஒவ்வொருவரும் தானே பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே ஒப்பிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், ஒரே கேள்விக்கு ஆளுக்கொரு விடை வருகிறது. அதை யாரும் திருத்துவதும் இல்லை.

இவற்றோடு இன்னொன்றையும் கார்ட்னர் எழுதினார். மற்றவற்றைவிட அதிகம் மேற்கோள் காட்டப்பட்டதும் அதுதான். பளியர்கள் எப்போதுமே குறைவாகத்தான் பேசுகிறார்கள். நாற்பது வயது வாக்கில் ஏறத்தாழ மௌனமாகிவிடுகிறார்கள். நிறையப் பேசுகிறவரை இயல்புக்கு மாறானவராகவும் அவருடைய பேச்சை மற்றவரைப் புண்படுத்தும் செயலாகவும் பார்க்கிறார்கள் என்பது அவர் கருத்து.

ஒரு வெள்ளைக்காரர் நோட்டுப் புத்தகத்தோடு எதிரில் உட்கார்ந்தால் யார்தான் கலகலப்பாக இருப்பார்கள் என்று வாசகருக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அவர் வந்து இரண்டு நாளில் போனவர் அல்லர். மௌனத்தை மட்டும் தனியே பிரித்து அவர் சொல்லவும் இல்லை. கட்டளை இல்லாமை, போட்டி இல்லாமை, மௌனம் மூன்றும் ஒரே மரியாதை ஒழுங்கின் பகுதிகள் என்பதே அவர் வாதம். பேச்சு எப்போதும் அடுத்தவர் எல்லைக்குள் காலை வைக்கிறது. கேள்வி கேட்டால் பதில் சொல்லும் கடமை பிறக்கிறது, யோசனை சொன்னால் ஏற்கவோ மறுக்கவோ வேண்டியிருக்கிறது. யாரும் யாரையும் நெருக்காமல் வாழத் தீர்மானித்த மக்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

இப்போது அந்த வினாத்தாளை எடுத்துக்கொண்டு பளியர் குடியிருப்புக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். முதல் வாசகம்: 'நான் நிறையப் பேசுவேன்.' ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். கார்ட்னர் கண்ட பளியர்களில் கிட்டத்தட்ட எல்லாரும் ஒன்று அல்லது இரண்டு போடுவார்கள். எல்லாரும் ஒரே விடை தந்தால் அந்த வாசகம் யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது. அளவுகோலாக அது செத்துவிட்டது. சரி, ஒருவர் மட்டும் ஐந்து போடுகிறார் என்று வையுங்கள். மதுரையில் அவர் கலகலப்பானவர். இங்கே அவர் அடுத்தவரை மதிக்கத் தெரியாதவர். அதாவது புறமுகத் தன்மையை அளக்க வைத்த வாசகம் இணக்கமின்மையை அளக்கத் தொடங்கிவிடுகிறது. ஒரு மூட்டையில் கட்டிய சரக்கு இன்னொரு மூட்டைக்கு இடம் மாறுகிறது. அப்படிப் பல வாசகங்கள் இடம் மாறினால் ஐந்து மூட்டை ஐந்தாகவே இருக்குமா?

பளியர்கள் இருக்கட்டும், அவர்களைப் போலவே சிறு குழுக்களாக வாழும் இன்னொரு மக்களிடம் இந்தச் சோதனை முழு அளவில் நடந்திருக்கிறது. பொலிவியாவின் அமேசான் காட்டில் வேட்டையாடியும் சிறு நிலத்தில் பயிரிட்டும் வாழும் சிமானே மக்கள் 632 பேரிடம், அவர்கள் மொழியிலேயே, வாய்மொழியாகக் கேள்வி கேட்டு மைக்கேல் கர்வனும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் முடிவை வெளியிட்டார்கள். பெரிய ஐந்து அங்கே தென்படவில்லை. சொற்கள் வேறு விதமாகக் கூடி இரண்டு கட்டுகளாயின. ஒன்று, பிறரோடு ஒத்துப்போகும் குணம். மற்றது, உழைப்புக் குணம். ஒருவேளை தங்களைப் பற்றித் தாங்களே சொல்வதில் தடுமாற்றமோ என்று கணவனைப் பற்றி மனைவியிடமும் மனைவியைப் பற்றிக் கணவனிடமும் கேட்டார்கள். அப்போதும் ஐந்து வரவில்லை. மனித இயல்பின் அடிப்படைக் கட்டமைப்பு என்று பாடநூல்களில் ஏறிவிட்ட ஒன்று, பெரும்பாலும் பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் உள்ள சமூகங்களின் கட்டமைப்பாக இருக்கலாம் என்ற சந்தேகம் அன்று வலுத்தது.

இந்த இடத்தில் எதிர்த்திசையில் சறுக்கிவிடும் அபாயமும் உண்டு. அப்படியானால் பளியர் ஆளுமை என்று தனியாக ஒன்று இருக்கிறது, குன்னுவர் ஆளுமை என்று இன்னொன்று இருக்கிறது என்று சொல்லிவிடத் தோன்றும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பெரிய பெரிய அறிஞர்களே அப்படிச் சொன்னார்கள். ரூத் பெனடிக்ட் 1934இல் எழுதிய 'பேட்டர்ன்ஸ் ஆஃப் கல்ச்சர்' நூலில் ஒவ்வொரு பண்பாட்டையும் ஒரு பெரிய தனிமனிதரைப் போல வர்ணித்தார். ஆப்ரம் கார்டினர் ஃபிராய்டின் கருத்துகளை மானிடவியலில் கையாண்டார். பால்குடி மறக்கச் செய்வது எப்படி, கழிப்புப் பழக்கம் எப்போது என்பவற்றிலிருந்து ஒரு மக்களின் அடிப்படை ஆளுமை உருவாகிறது என்பது அவர் கணக்கு. ஃபிராய்டுக்கு இங்கே இவ்வளவுதான் இடம் கொடுக்கிறேன். நனவிலி மனத்தைப் பற்றிய அவருடைய கோட்பாடுகளைச் சோதித்துப் பார்க்க வழி கண்டுபிடிப்பது கடினம். சோதிக்க முடிந்த இடங்களில் குழந்தைப் பருவத்தின் ஒற்றை நிகழ்ச்சிக்கு அவ்வளவு வலு இருப்பதாகத் தெரியவில்லை.

ஒரு மக்களுக்கு ஒரே குணம் என்ற எண்ணத்துக்கு 2005இல் நல்ல அடி விழுந்தது. அந்தோனியோ தெராச்சானோவும் மெக்ரேயும் இன்னும் பலரும் சேர்ந்து 49 பண்பாடுகளில் இரண்டு கேள்விகளுக்கு வந்த விடைகளை ஒப்பிட்டார்கள். உங்கள் நாட்டுக்காரர் எப்படிப்பட்டவர்? உங்களுக்குத் தெரிந்த இன்ன ஆள் எப்படிப்பட்டவர்? முதல் கேள்விக்கு எல்லா நாட்டிலும் மக்கள் தயங்காமல் ஒரு சித்திரம் வரைந்தார்கள். இரண்டாவது கேள்விக்கு வந்த விடைகளின் சராசரிக்கும் அந்தச் சித்திரத்துக்கும் சம்பந்தம் இல்லை. வத்தலக்குண்டு நிலையத்து விமர்சகர்கள் தனியாக இல்லை.

பளியர்களிலும் ஒருவர் மற்றவரைப் போல் இல்லை. தங்களுக்குள் யார் துணிச்சல்காரர், யார் சோம்பேறி, யாரோடு தேன் எடுக்கப் பாறைக்குப் போகலாம், யாரோடு போகக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. அளவாகப் பேசும் ஒழுங்கு பொதுவானது. அந்த ஒழுங்குக்குள் ஒவ்வொருவரும் நிற்கும் இடம் தனித்தனி. நாம் கேட்க வேண்டியது அந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்பதுதான்.

பிழைப்பிலிருந்து வந்தது என்பது ஒரு விடை. பாரி, சைல்ட், பேக்கன் என்ற மூவர் 1959இல் உலகெங்குமுள்ள நூற்றுச் சொச்சம் சமூகங்களின் குழந்தை வளர்ப்பை ஒப்பிட்டார்கள். பயிரையும் கால்நடையையும் சேமித்து வாழ்கிறவர்கள் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிதலையும் பொறுப்பையும் அழுத்திக் கற்றுத்தருகிறார்கள். அன்றாடம் வேட்டையாடியும் சேகரித்தும் வாழ்கிறவர்கள் தன்னிச்சையையும் தன்னம்பிக்கையையும் ஊக்குவிக்கிறார்கள் என்று கண்டார்கள். பூம்பாறையில் நின்று சரிவெங்கும் இறங்கும் படிக்கட்டு வயல்களைப் பார்த்தால் இதன் தர்க்கம் பிடிபடும். மேல் வயல்காரர் வாய்க்காலை அடைத்து வைத்துக்கொண்டால் கீழ் வயலில் பூண்டு காயும். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். முறை என்றால் சட்டம், சட்டம் என்றால் அதைச் சொல்ல ஒருவர், கேட்க ஒருவர். காட்டுக் கிழங்கு அகழ்பவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒரு மலைச்சரிவில் இரண்டு பிழைப்பு, இரண்டு விதமான பிள்ளை வளர்ப்பு.

ஆனால் கார்ட்னரே இந்த ஒரு விடையோடு நிற்கவில்லை. வலிமையான அண்டை மக்களின் நெருக்கடிக்குப் பல தலைமுறை ஒதுங்கி ஒதுங்கி வாழ்ந்ததும் இந்தக் குணத்தை வளர்த்திருக்கும் என்றார். கேரளப் பக்கத்தில் மலைப் பண்டாரம் என்ற பழங்குடியினரோடு வாழ்ந்து ஆராய்ந்த பிரையன் மாரிஸும் அந்த மக்களின் தனித்தன்மை நாட்டத்தை, காட்டுப் பொருள் வாங்கும் வியாபாரிகளோடு அவர்களுக்கு உள்ள உறவிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்றே எழுதினார். எனக்கு இந்த இரண்டாவது விளக்கம் கூடுதல் நியாயமாகப் படுகிறது. கிழங்கு அகழ்வது பேசாமல் இருக்கச் சொல்வதில்லை. எதிரில் நிற்பவர் கடன் நோட்டோடு வந்த ஆளாக இருந்தால், பேசாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

இங்கே ஆளுமை உளவியலின் மிகப் பெரிய சண்டைக்கு வந்து சேர்கிறோம். 1968இல் வால்டர் மிஷெல் ஒரு நூல் எழுதினார். ஓர் இடத்தில் ஒருவர் நடந்துகொள்வதை வைத்து இன்னோர் இடத்தில் அவர் எப்படி நடப்பார் என்று கணித்தால், இரண்டுக்கும் உள்ள தொடர்பு 0.30ஐத் தாண்டுவது அரிது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். முழுத் தொடர்பு என்றால் 1. அப்படியானால் குணம் என்று ஒன்று உண்டா, இல்லை எல்லாம் சந்தர்ப்பமா என்று உளவியலாளர்கள் இருபது ஆண்டு அடித்துக்கொண்டார்கள்.

கோடைச் சீசனில் கொடைக்கானல் ஏரியில் இந்தச் சண்டையின் இரு தரப்பும் படகில் போகும். அலுவலகத்தில் சிரிக்கவே சிரிக்காத மேலதிகாரி துடுப்பால் தண்ணீரை வாரிப் பிள்ளைகள் மேல் இறைத்துக்கொண்டிருப்பார். அவருடைய உண்மைக் குணம் எது? மிஷெலும் யூய்ச்சி ஷோடாவும் 1995இல் தந்த விடையில் இரண்டும் உண்மை. 'இன்னது நேர்ந்தால் இப்படி' என்ற இணைப்புகளின் கோலம்தான் ஒருவருடைய கையெழுத்து. மேலிடம் பக்கத்தில் இருந்தால் இறுக்கம், பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் கும்மாளம் என்ற கோலம் அவரிடம் ஆண்டுக்கு ஆண்டு மாறாமல் இருக்கும். சராசரியைப் பார்ப்பவர் பண்பைக் காண்கிறார், கோலத்தைப் பார்ப்பவர் சந்தர்ப்பத்தோடு சேர்த்து ஆளைக் காண்கிறார். வில்லியம் ஃப்ளீசன் பின்னர் காட்டியதும் இதுவே: ஒரே ஆள் ஒரே வாரத்தில் கூச்சத்துக்கும் கலகலப்புக்கும் இடையே நிறைய ஊசலாடுகிறார், ஆனாலும் அந்த ஊசலின் நடுப்புள்ளி அவருக்கே உரியதாக நிற்கிறது.

கார்ட்னர் பளியர்களிடம் கண்ட ஊசலாட்டத்தைப் பற்றி 1985இல் எழுதினார். சில காலம் தோட்ட வேலை, கூலி, ஊரை ஒட்டிய குடியிருப்பு; பிறகு மறுபடி காடு. காட்டில் யாருக்கும் யாரும் உத்தரவு போடுவதில்லை. தோட்டத்தில் உத்தரவைக் கேட்டு நடக்கும் வேறொரு முறையைக் கைக்கொள்கிறார்கள். ஒன்று மற்றதை அழிப்பதில்லை, இரண்டும் கைவசம் இருக்கின்றன. பளியர்களைக் காலங்காலமாகக் கூச்ச சுபாவக்காரர்கள், பயந்தவர்கள் என்று எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள். வெளியாள் நிற்கும்போது என்ன நடக்கிறதோ அதைத்தான் வெளியாளால் பார்க்க முடியும். 'கூச்சம்' என்று அவர்கள் எழுதியது, வெளியாள் எதிரே நின்றால் என்ற நிபந்தனையின் மறுபாதி. நிபந்தனையை அழித்துவிட்டு விடையை மட்டும் குணம் என்று எழுதிவிட்டார்கள்.

நடத்தையைப் பார்த்ததும் குணத்தைக் காரணமாக்கும் இந்தப் பழக்கம் எல்லா ஊரிலும் ஒரே அளவில் இல்லை. ஜோன் மில்லர் சிக்காகோவிலும் மைசூரிலும் ஒரே சம்பவங்களைச் சொல்லி ஏன் இப்படி நடந்தது என்று கேட்டு 1984இல் எழுதினார். அதில் ஒரு சம்பவம்: வழக்கறிஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போகிறார், பின்னால் உட்கார்ந்திருந்தவர் விழுந்து அடிபடுகிறார், வழக்கறிஞர் அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போய்விடுகிறார். அமெரிக்கர்கள் அவருடைய பொறுப்பின்மையைக் காரணமாகச் சொன்னார்கள். மைசூர்க்காரர்கள் அவருக்கு இருந்த கடமை, அன்றைய பதற்றம் என்று சூழ்நிலையைச் சொன்னார்கள். சிறு பிள்ளைகளிடம் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வயது ஏற ஏறத்தான் பாதை பிரிந்தது. மனிதரைப் படிக்கும் முறையையே வளர்ப்பு கற்றுத்தருகிறது என்று இதற்குப் பொருள். ஆனால் நம்மவர்கள் பெருமைப்பட்டுக்கொள்ள இதில் அதிகம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சூழ்நிலையைக் காரணமாகச் சொல்லும் அதே வாய், வேறு சாதி, வேறு மலை என்று வந்துவிட்டால் குணத்தைத்தான் சொல்கிறது.

கார்ட்னர் சொன்ன அந்த நாற்பது வயதுக்குத் திரும்புவோம். குணம் கல்லில் செதுக்கியது அல்ல. ப்ரென்ட் ராபர்ட்ஸ் குழுவினர் ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த 92 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்டார்கள். இருபது முதல் நாற்பது வயது வரையில்தான் மாற்றம் அதிகம். பொறுப்புணர்வு ஏறுகிறது, மனக்கலக்கம் இறங்குகிறது. கல்யாணம், வேலை, பிள்ளை என்று சமூகம் கொடுக்கும் வேடங்களுக்கு ஏற்ப ஆள் பக்குவப்படுகிறார் என்பது அவர்கள் விளக்கம். அமெரிக்கச் சமூகம் நாற்பது வயதுக்காரரிடம் எதிர்பார்ப்பது பொறுப்பு. பளியர் சமூகம் எதிர்பார்த்தது அடக்கம். பக்குவம் என்று இரண்டும் வேறு வேறு இடத்தைக் காட்டின. மனிதர்களும் அந்தந்த இடத்தை நோக்கி நகர்ந்தார்கள்.

ஏன் சில சமூகங்களில் ஐந்து கட்டுகளும் சிலவற்றில் இரண்டும் வருகின்றன என்பதற்கு இப்போது ஒரு கருதுகோள் இருக்கிறது. பால் ஸ்மால்டினோ, ஏரன் லூகாஷெவ்ஸ்கி, கர்வன் முதலானோர் 2019இல் கணினி மாதிரியோடு முன்வைத்தது. ஒரு சமூகத்தில் பிழைக்க எத்தனை வகையான இடங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். எல்லாரும் எல்லா வேலையும் செய்யும் ஊரில் நன்றாக உழைப்பவர், நன்றாகப் பழகுபவர் என்று பண்புகள் ஒரு சில கட்டுகளாகச் சேர்ந்துகொள்ளும். கணக்கர், விற்பனையாளர், ஆராய்ச்சியாளர், காவலாளி என்று இடங்கள் பெருகினால் கலகலப்பு வேண்டிய இடமும் வேண்டாத இடமும் தனித்தனியே உண்டாகும். பண்புகளும் கட்டு அவிழ்ந்து தனித்தனியாக நிற்கத் தொடங்கும்.

இந்தக் கருதுகோளைச் சோதிக்கப் பழனி மலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. 2013இல் கொடைக்கானல் காடுகள் வனவிலங்குச் சரணாலயம் ஆயின. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டின் மேல் பளியர்களுக்கு உள்ள உரிமையை எழுத்தில் கேட்க வழி செய்தது. எழுத்தில் கேட்பதற்குக் கூட்டம் கூட வேண்டும், எழுந்து பேச ஒருவர் வேண்டும். பழைய காடு–தோட்ட ஊசலோடு பள்ளிக்கூடம், கிராம சபை, தேன் விற்பனை, சுற்றுலா என்று இடங்கள் கூடிவருகின்றன. கார்ட்னர் கண்ட மௌனம் இருபது வயது பளியப் பெண்ணிடம் இன்று எவ்வளவு இருக்கிறது, அவளுடைய பாட்டியிடம் எவ்வளவு என்று ஒரே குடியிருப்பில் பார்க்கலாம். பேத்தியின் தலைமுறையில் பண்புகள் பாட்டியின் தலைமுறையைவிட அதிகக் கட்டுகளாகப் பிரிந்திருந்தால் ஸ்மால்டினோ சொன்னது தேறும். பிரியாவிட்டால் வேறு விளக்கம் தேட வேண்டும். கேள்விகளை எழுதப் பளியர்களையே உட்காரவைக்க வேண்டும். தன்னைப் பற்றித் தானே சொல்வதோடு, கூட வேலை செய்பவர் அவரைப் பற்றிச் சொல்வதையும் சேர்க்க வேண்டும். ஆய்வாளர் இல்லாத நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைக் குடியிருப்புக்காரர் ஒருவரே குறித்துவைத்தால் இன்னும் நல்லது. 'நான் நிறையப் பேசுவேன்' என்ற வாசகத்தையும் எடுத்துவிடத் தேவையில்லை. பாட்டிக்கும் பேத்திக்கும் அது ஒரே கட்டில் விழுகிறதா என்பதே பார்க்க வேண்டிய முதல் விஷயம்.